வின்ஸ்லேட்டின் உத்தியோகம், என் வாக்குமூலம்

நவம்பர் 4, திங்கள்

பனிமூட்டம். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. வசந்தி விடியப்புறமே முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். மேசையில் மூடி வைத்த புட்டு, நேற்றைய கத்தரிக்காய்க் கறி.

இன்றைக்குச் செய்ய:
– வைத்தியரின் சீட்டைக் கம்பனிக்கு அனுப்ப. இன்னும் இரண்டு கிழமை விடுப்பு.
– காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்ற நாள் குறித்து டெர்மீன் எடுக்க.
– மகள் அபிரா தந்த தாள்கட்டில் முதல் நாற்பது பக்கம் வாசிக்க.

முதலாவதை மட்டும் செய்தேன்.

பதினெட்டு நாளாகிறது. கம்பனி ஒழுங்குபண்ணிய உளவியலாளர், முப்பது வயதுகூட இராத பெண், போன கிழமை சொன்னார்: எழுதுங்கள், எந்த மொழியிலும் எழுதுங்கள், யாருக்கும் காட்டத் தேவையில்லை. அதனால் இந்தக் கொப்பி. அபிரா பள்ளிக்கூடத்தில் பாவிக்காமல் விட்டது.

சரி, எழுதுகிறேன். ஒக்டோபர் 17, வியாழன், காலை 9.48. ஹம் நகருக்கு வரும் பிராந்திய ரயில். ஓட்டியது நான். வயலுக்கு நடுவே தெரு தண்டவாளத்தைக் கடக்கும் ஒரு கடவை. ஒரு பெண், சைக்கிளோடு. அந்த இடத்திலேயே இறந்துவிட்டார்.

இருபத்தொரு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். இது முதல் தடவை. ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஒருநாள் வரும் என்று பயிற்சியிலேயே சொல்லித்தந்தார்கள். வந்த பிறகு என்ன செய்வது என்றும் சொல்லித்தந்தார்கள். அவ்வளவையும் செய்தேன்.

இதற்குமேல் இன்று முடியாது.

நவம்பர் 6, புதன்

தூறல். நான் வீட்டுக்குள்ளேயே. யன்னலைத் திறந்தால் ஸ்டேசன் பக்கத்து ஒலி வருகிறது. பூட்டிவிட்டேன்.

அபிராவின் கட்டைத் திறந்தேன். டுசல்டோர்ஃபில் வரலாறு படிக்கிறாள், கடைசி ஆய்வு இது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து போய் மதராஸ் பக்கம் ரயில் பாதை போட்ட ஒரு பொறியாளர், ஹென்றி வின்ஸ்லேட். அவருடைய கடிதங்கள், கம்பனி அறிக்கைகள், எல்லாம் கையெழுத்துப் பிரதி. ஏதோ ஒரு சுவடிக்கூடத்திலிருந்து படமாக எடுப்பித்தவை. கோடை விடுமுறையிலிருந்தே சந்தேகம் வந்த பக்கங்களை எனக்குத் தருவாள். “அப்பா, உங்களுக்கு ரயில் பாஷை தெரியும், எனக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் தெரியும்.” இப்போது முழுக் கட்டையும் தந்துவிட்டாள். “சும்மா இருந்தா யோசினைதான் வரும். இந்தாளின்ர உத்தியோகத்தை மட்டும் வரிசையா எழுதித் தாங்கோ.”

எழுதினேன்:

17 வயது – வட இங்கிலாந்தில் ஒரு பொறியாளரிடம் தொழில் பழகல்.
22 – மதராசுக்குக் கப்பல். வாந்தி. கப்பலிலேயே தமிழ் படிக்கத் தொடங்கிக் கைவிட்டார்.
23–25 – நில அளவை. கூடாரம். காய்ச்சல் நாலு தரம். கூடப் போன இன்னொரு வெள்ளைக்காரர் செத்தார். வி. அவருடைய குதிரையை எடுத்துக்கொண்டார்.
26 – உதவிப் பொறியாளர். மண்கரை, மதகுகள்.
29 – மாவட்டப் பொறியாளர். ஆற்றுப் பாலம், பதினாலு தூண்.

தூண் இறக்கிய விதத்தை வி. தங்கைக்கு எழுதியிருக்கிறார். ஆற்று மணலில் இரும்பு வளையம் வைத்து, அதன்மேல் கிணறுபோலச் செங்கல் கட்டி, ஆட்கள் உள்ளே இறங்கி மணலைத் தோண்டத் தோண்ட, கட்டு தன் பாரத்தால் தானாகவே கீழே போகும். ஒரு நாளைக்கு ஒரு சாண். சில நாள் அசையாது. கட்டியவனும் அசையாமல் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல வேலைக்காரன் எழுதிய கடிதம் அது. படிக்கும்போது ஒரு மணித்தியாலம் மற்றதை மறந்திருந்தேன்.

31 – வெள்ளம்.

அதோடு கட்டை மூடினேன்.

நவம்பர் 8, வெள்ளி

உளவியலாளர், 10.30. வெளிச்சமான அறை, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, நான் தொடவில்லை.

“உங்கள் மீது எந்தப் பிழையும் இல்லை. விசாரணையும் அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் பிரேக் போட்டீர்கள், ஹோர்ன் அடித்தீர்கள்.”

தலையாட்டினேன். ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்கிறார். அன்பாகத்தான். சொல்லும்போதெல்லாம் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

போகும்போது ஒரு கடித உறை. இறந்தவரின் கணவர் கம்பனிமூலம் அனுப்பியிருக்கிறாராம். வாங்கவேண்டும் என்று கட்டாயமில்லை, வாங்கினாலும் வாசிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வாங்கினேன். ஜக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் கழற்றி மாட்டிவிட்டு ஜக்கெட்டைப் பார்க்காமல் இருந்தேன்.

வசந்தி: “என்னவாம்?”
“ஒண்டுமில்லை. எழுதட்டாம்.”
“எழுதுறியள்தானே.”
“ஓம்.”

நவம்பர் 9, சனி

அபிரா நேற்று மாலை வந்துவிட்டாள். காலையில் சாப்பாட்டு மேசை முழுவதும் அவளுடைய தாள். வெங்காயம் வெட்ட இடமில்லை என்று வசந்தி ஏசினாள்.

வெள்ளம் பற்றி வி.யின் கம்பனி எழுதிய விசாரணை அறிக்கை. ஆற்றில் வெள்ளம் வந்து மூன்றாம் தூண் சரிந்துவிட்டது. விடியற்காலையில் சல்லிக்கல் ஏற்றிய வண்டியொன்று அதன்மேல் போய் ஆற்றில் விழுந்தது. சல்லிக்கு மேலே கூலியாட்கள். பதினொரு பேர். அறிக்கையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. பாலத்துக் காவலாளுக்கு மட்டும் பெயர் இருக்கிறது.

“எர்லாப்பன்,” என்று வாசித்தாள் அபிரா. “இது என்ன பேர் அப்பா? நான் தேடாத இடமில்லை.”

நான் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். “இருளப்பன், பிள்ளை.”

அந்தப் பெயரைத் தாளில் தமிழில் எழுதினாள். அவளுடைய தமிழ் எழுத்து இன்னும் சின்னப் பிள்ளையின் எழுத்துத்தான், பெரிதாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக.

அறிக்கையின் முடிவு: காவலாள் இருளப்பன் வெள்ளம் ஏறியதை அறிவிக்கத் தவறினான். ஆறு மாதம் கடூழியச் சிறை. மாவட்டப் பொறியாளர் திரு. வின்ஸ்லேட் மீது குற்றமில்லை.

“பாருங்கோ, பெரியாள் தப்பிட்டார்,” என்றாள். நான் வெங்காயத்தை வாங்கி வெட்டினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மழை. இருவரும் கோயிலுக்கு. நான் வரவில்லை என்றேன். கடிதத்தைப் பிரித்தேன்.

ஒரு பக்கம், நீல மை, கையெழுத்து. கணவரின் பெயர் யோர்க். மனைவியின் பெயர் மோனிகா. இதுவரை அவருக்குப் பெயர் இருக்கவில்லை.

எழுதியிருப்பதன் சாரம்: உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீங்களும் துன்பப்படுவீர்கள் என்று தெரியும். பத்திரிகையில், கடவையின் மூடிய தடைக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கடக்க முயன்ற பெண் என்று போட்டிருக்கிறார்கள். மோனிகா தெருவில் ஒரு வாகனமும் இல்லாதபோதுகூடச் சிவப்பு விளக்கில் கால் வைக்காதவள். முப்பத்துநான்கு வருடம் கூட நடந்தவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் இப்போது எங்கள் மகளே, அம்மா ஏன் அப்படிச் செய்தா என்று கேட்கிறாள். எனக்குப் பதில் இல்லை. கடைசியாக அவளைப் பார்த்தவர் நீங்கள். என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்வீர்களா?

கீழே முகவரி. நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து இருபது நிமிடம்.

எழுதத்தான் வேண்டும். யாரும் காணாத கொப்பி இது.

வளைவு கழிந்தால் கடவை வரை நேர்ப் பாதை. அறுநூறு மீற்றர். நூற்றிருபதில் போனால் பதினெட்டு விநாடி. அன்று அந்தப் பதினெட்டில் பாதிக்கு மேல் நான் வெளியே பார்க்கவில்லை. முன்னால் பலகையில் அபிரா தந்த ஒரு பக்கம் இருந்தது. வின்ஸ்லேட்டின் கடிதம். ஒரு சொல் விளங்கவில்லை என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டும் அறையில் எந்தத் தாளும் வைக்கக்கூடாது. தெரியும். ஸ்டேசனில் நிற்கும்போது பார்க்கலாம் என்று வைத்தேன். ஓடும்போதும் பார்த்தேன். வளைவில் அந்தச் சொல் பிடிபட்டுவிட்டது. பிச்சிங். தண்ணீர் மணலை அரிக்காமல் தூணைச் சுற்றி அடுக்கும் கல்லுக்குப் பாதைக்காரர் சொல்வது. சந்தோஷத்தில் சரிபார்க்க இன்னொரு தரம் வாசித்தேன். பிறகு தலையை நிமிர்த்தினேன்.

அவர் தண்டவாளத்தின் நடுவில் நின்றார். தடையைச் சுற்றி வரவில்லை. தடை விழுமுன்னரே உள்ளே வந்திருக்க வேண்டும், ஏனென்றால் சைக்கிளின் முன் சில்லு தண்டவாளப் பள்ளத்தில் இறுகியிருந்தது, அவர் குனிந்து இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். பச்சை மழையங்கி. எதிர்க்காற்று, வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்டிராது.

பிரேக்கும் ஹோர்னும் ஒன்றாக. அவர் திரும்பினார்.

வண்டியை நிறுத்தியிருக்க முடியாது. எந்த ஓட்டுநராலும் முடியாது, அந்தத் தூரத்தில். ஆனால் ஹோர்ன். வளைவிலேயே அடித்திருந்தால் சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு அடி நகர்ந்திருப்பார். இரண்டு அடி.

பொலிஸ்காரர் கேட்டபோது கம்பளி போர்த்திக்கொண்டு பாதையோரத்தில் இருந்தேன். தாள் மடித்து என் சட்டைப்பையில். “என்ன நடந்தது?” வாயில் வந்த சொல் ப்ளொட்ஸ்லிஷ். திடீரென்று. அவர் திடீரென்று வந்தார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிப்போயிற்று. தாமதமாகப் பிரேக் போட்டதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பிழை அவருடையதாகிவிட்டது. பத்திரிகை அதிலிருந்துதான் எழுதியது.

அவர் வரவில்லை. நின்றார்.

நவம்பர் 13, புதன்

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. தாடி வழிக்கவில்லை.

மற்ற வேலை எதுவும் ஓடாததால் வின்ஸ்லேட்டை முடித்தேன்.

32 – மலைப் பாதை. சுரங்கம் மூன்று.
38 – துணைத் தலைமைப் பொறியாளர்.
44 – தலைமைப் பொறியாளர். பதக்கம். ஆளுநர் வீட்டில் விருந்து.
53 – ஓய்வு. கம்பனி அச்சடித்த பாராட்டுரை, ஆறு பக்கம்.

பாராட்டுரையில் ஒரு விஷயம்: திரு. வின்ஸ்லேட் எந்தப் பாலத்தையும் வண்டியிலிருந்து கடந்ததில்லை. பாலம் வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்குவார், முன்னால் நடந்து கடப்பார், வண்டி மெல்லப் பின்னால் வரும். வெயிலானாலும் மழையானாலும். இருபத்திரண்டு வருடம். கடமை உணர்ச்சிக்கு உதாரணமாக அதைப் போட்டிருக்கிறார்கள்.

நான் அந்த வரியை வாசித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

மாலை அபிரா டுசல்டோர்ஃபிலிருந்து நேராக ஓடிவந்தாள், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஓய்வுபெற்ற பிறகு வி. தங்கைக்கு எழுதிய கடிதம் கிடைத்துவிட்டதாம், படித்ததும் எரித்துவிடு என்று தலைப்பிலேயே எழுதியது. தங்கை எரிக்கவில்லை. நின்றபடியே தமிழாக்கி வாசித்தாள்:

அந்த மாலை வீட்டில் விருந்தாளிகள். காவலாள் நனைந்தபடி வாசலுக்கு வந்து, தண்ணீர் மூன்றாம் தூணின் குறியைத் தாண்டிவிட்டது என்றான். கல் அடுக்கும் வேலையை மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்று நான் தள்ளிவைத்திருந்த தூண் அது. திரும்பிப் போய்க் காவல் இரு, காலையில் வருகிறேன் என்றேன். விசாரணையில் எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை என்று சொன்னேன். என்னை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

“கேட்டியளே அப்பா? அந்த மனுசன் ஆத்துக்கரையில இருந்து நடந்து வந்து சொல்லியிருக்கு. சொன்னவனையே சிறையில போட்டிட்டு இவர் மெடல் வாங்கியிருக்கிறார்.”

“பிறகு தங்கச்சிக்கு எழுதியிருக்கிறார்தானே.”

“எல்லாம் அனுபவிச்சு முடிச்ச பிறகு. எரிக்கச் சொல்லி. கோழை.”

“அப்ப என்ன செய்திருக்க வேணும் எண்டுறாய்?”

“அடுத்த நாளே சொல்லியிருக்க வேணும்.”

“அவருக்கு அப்ப பெண்சாதி, பிள்ளை எல்லாம் இருந்திருக்கும்.”

“இருளப்பனுக்கும் இருந்திருக்கும்.”

வசந்தி உள்ளேயிருந்து, “முதல்ல சப்பாத்தைக் கழட்டு” என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

சொல்லிவிட்டேன், வசந்தியிடம். அபிரா நூலகம் போயிருந்தாள். வசந்தி வேலையால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். குளியலறை வாசலில் நின்று சொன்னேன். தாள், சொல், ஹோர்ன், சில்லு, பொய். கடிதத்தையும் கொடுத்தேன்.

வாசித்தாள். மடித்தாள். துவாயில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி விரித்து வாசித்தாள்.

“ஆருக்குச் சொன்னியள்?”
“ஒருத்தருக்கும் இல்லை.”
“இனியும் சொல்லாதேங்கோ.”

“அந்த மனுசன் கேக்கிறார் வசந்தி.”

“இஞ்சருங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. விசாரணை முடிஞ்சுது. அந்த மனுசி திரும்பி வரப்போறாவே? பதினாறு வயசில இந்த நாட்டுக்குத் தனிய வந்து, அகதி முகாமில கிடந்து, பாத்திரம் கழுவி, மொழி படிச்சு, ஆருமே எங்கட ஆக்கள் இல்லாத வேலையில போய் நிண்டனீங்கள். அதை ஒரு சொல்லுக்காக விடப்போறியளே? கேஸ் போடுவாங்கள்.”

“போடுவாங்கள்.”

“அதை விடுங்கோ. அந்தத் தாள் ஆரின்ர?”

நான் அபிராவின் அறைப் பக்கம் பார்த்தேன்.

“அவளுக்குத் தெரிஞ்சா அவள் உடைஞ்சுபோயிடுவாள். பிறகு நீங்கள் உண்மை சொன்னதில ஆருக்கு என்ன நன்மை?”

அவள் சொன்னது எதுவும் பிழையில்லை. அதுதான் கொடுமை. கடிதத்தை அலுமாரியில் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தாள். இருவரும் தேத்தண்ணி குடித்தோம். சீனி போட மறந்துவிட்டாள், நானும் சொல்லவில்லை.

வசந்தி சொன்னபடியே இருப்பது என்று முடிவு.

நவம்பர் 18, திங்கள்

குளிர். காரின் கண்ணாடியில் உறைபனி. விடுப்பு முடிந்தது. இன்று கூடப் போகும் ஓட்டம்: நான் பக்கத்து இருக்கையில், ஓட்டுவது குழுத் தலைவர் டீட்டர். சும்மா உட்கார்ந்து வந்தால் போதும், பிறகு மெல்ல மெல்லப் பழகிவிடும் என்பது முறை. டீட்டர் நல்லவர். அவருக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. எனக்காகச் சூடான கோப்பி கொண்டுவந்திருந்தார்.

முதல் மூன்று ஸ்டேசன் பரவாயில்லை. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். காலை வெயில் நேராக முகத்தில்.

வளைவு.

கடவை வெறுமையாக இருந்தது. தடை மூடி, அப்பால் ஒரு கார் காத்து நின்றது. ஒருவருமில்லை. நான் எழுந்து டீட்டருக்குக் குறுக்கே கையை நீட்டி ஹோர்னை அழுத்தினேன். விடவில்லை. கடவை கழிந்து, வயல் கழிந்து, அந்தக் கிராமத்து வீடுகள் கழிந்தும் அழுத்திக்கொண்டிருந்தேன். டீட்டர் என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

“பரவாயில்லை,” என்றார். “உன் பிழையில்லை.”

அடுத்த ஸ்டேசனில் இறங்கிவிட்டேன். தூணோரம் குந்தியிருந்தேன். பயணிகள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கிழவி தண்ணீர்ப் போத்தல் நீட்டினாள். வாங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. செத்துப்போனால் இது முடியும் என்று ஒரு யோசனை வந்தது. வந்த உடனேயே, அந்தத் தண்டவாளத்தில் இன்னொரு ஓட்டுநர் வருவான் என்ற எண்ணமும் வந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

உளவியலாளரைக் கூப்பிட்டு அந்த யோசனையைச் சொன்னேன். அதை மட்டும். உடனே வரச் சொன்னார். போனேன். இரண்டு மணித்தியாலம். ஒரு தொலைபேசி இலக்கம் தந்தார், வசந்தியையும் கூப்பிட்டுப் பேசினார். வீடு வரும்வரை வசந்தி என் கையை விடவில்லை.

சமையலறைக்குள் போய் அரிசி வாளியை இழுத்தாள். கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“போங்கோ,” என்றாள். “நீங்கள் இருந்தால்தானே வேலை.”

நவம்பர் 20, புதன்

ஈரப் பனி, நிலத்தில் தங்கவில்லை. பத்து மணிக்கு யோர்க்கின் வீடு. செங்கல் வீடு, வாசலில் இரண்டு சோடி தோட்டச் சப்பாத்து. என்னைவிட உயரம், வயது அறுபதுக்கு மேல். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. கறுப்பன் ஒருவனை எதிர்பார்த்திருக்க மாட்டார். பிறகு கை கொடுத்தார்.

மேசையில் கேக் வெட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

உட்காராமலே சொன்னேன். முதலில் அவருடைய கேள்விக்கு: “உங்கள் மனைவி தடையைச் சுற்றி வரவில்லை. முன்னரே உள்ளே வந்துவிட்டார். சில்லு பள்ளத்தில் இறுகிவிட்டது. அதை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.”

கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். “முன் சில்லா?”

“முன் சில்லு.”

“அது அவளுடைய அம்மாவின் சைக்கிள்,” என்றார். “விட்டுவிட்டு வரமாட்டாள்.” இரண்டு தரம் சொன்னார். அழுதார். அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னார்.

அப்போது நிறுத்தியிருக்கலாம். கேட்டதைக் கொடுத்தாயிற்று. ஒரு நிமிடம் நின்றேன், அந்த நன்றியோடு. என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான நிமிடம் இல்லை.

“இன்னும் இருக்கிறது,” என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். தாள். எட்டோ பத்தோ பன்னிரண்டோ விநாடி. ஹோர்ன். பொலிசில் சொன்ன சொல்.

அவர் அழுவது நின்றுவிட்டது. நெடுநேரம் யன்னலைப் பார்த்தார். வெளியே பனி விழுந்து விழுந்து இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“ஐந்து கிழமை,” என்றார். “ஐந்து கிழமை என் மகள் தன் அம்மாவைத் திட்டினாள்.”

“தெரியும்.”

“உங்களுக்குத் தெரியாது.”

எழுந்து கேக் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஏதோ உடைந்த சத்தம் இல்லை, திட்டும் சத்தம் இல்லை. தண்ணீர் ஓடியது, நின்றது. கோட் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கையில் கார்ச் சாவி.

“பொலிசுக்குப் போகப்போகிறீர்களா?”
“ஓம்,” என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு அவருடைய மொழியில் சொன்னேன்.
“நான் கொண்டுபோய் விடுகிறேன். நீங்கள் இப்போது ஓட்டக்கூடாது.”

காரில் பின் இருக்கையில் பெண்களின் குளிர்த்தொப்பி ஒன்று கிடந்தது. பொலிஸ் நிலைய வாசலில் நிறுத்தினார். நான் இறங்கிக் கதவைச் சாத்தும்வரை முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

உள்ளே மூன்று மணித்தியாலம். வக்கீல் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். முதல் வாக்குமூலத்தில் அந்தச் சொல்லைக் காட்டினார்கள். அது பிழை என்றேன். தட்டெழுதிய பெண் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தாள் அது?”
“பழைய கடிதம்.”
“யாருடையது?”
“ஒரு ரயில்காரருடையது. இறந்து நெடுங்காலம்.”

அதற்குமேல் கேட்கவில்லை. கையெழுத்து.

நவம்பர் 21, வியாழன்

அபிரா வீட்டில். நான் சொல்லுமுன் மற்றவர்கள் வாயிலாக அவள் அறியக்கூடாது. வசந்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவள் நடுவில். தொடங்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. எந்தத் தாள் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்டாள்.

“நீங்கள் பிச்சிங் எண்டு எழுதித் தந்த பக்கமா?”

“தாள் வச்சது நான். பார்த்தது நான். உனக்கு அதில ஒரு பங்கும் இல்லை, பிள்ளை.”

எழுந்து அறைக்குள் போய்விட்டாள். வசந்தி பின்னால் போனாள். கதவு திறக்கவில்லை.

கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதினேன், நானாகவே. இன்று மாலையே டீட்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓட்டுநர் அட்டையை அனுப்பிவைக்க வேண்டும். முடிவு வரும்வரை எந்த வேலையும் இல்லை. “ஏன் என்னிடம் அன்றே சொல்லவில்லை?” என்றார். குரலில் கோபம். பிறகு, “நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை” என்றார்.

நவம்பர் 23, சனி

வெயில். அபிரா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பிட வருகிறாள், போகிறாள். மேசையில் வின்ஸ்லேட் கட்டு இல்லை. ஆய்வை விட்டுவிடப் போகிறாளோ என்று பயம்.

வசந்தி நேற்று வேலையில் மயங்கி விழப்பார்த்தாளாம். சொல்லவில்லை. கூட வேலை செய்யும் பெண் தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும்.

உள்ளூர்ப் பத்திரிகையில் ஆறு வரித் திருத்தம். தடையைச் சுற்றிப் போகவில்லை என்று புதிய தகவல். ஓட்டுநர் மீது விசாரணை. அதை வெட்டி வைக்கவுமில்லை, எறியவுமில்லை.

நல்லாக நித்திரை கொண்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஏழு மணித்தியாலம்.

நவம்பர் 25, திங்கள்

மழை விட்டிருந்தது. 7.12 வண்டியில் அபிரா டுசல்டோர்ஃபுக்கு. பை பாரம். நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விபத்துக்குப் பிறகு ரயில் மேடையில் நிற்பது இது இரண்டாம் தரம். படியில் கொஞ்சம் நின்று மூச்செடுத்தேன். அவளும் நின்றாள். பை வாய் திறந்திருந்தது. உள்ளே வின்ஸ்லேட் கட்டு.

நிற்காத விரைவு வண்டி ஒன்று கடந்துபோவதாக அறிவித்தார்கள். வரும் சத்தம் கேட்டதும் என் சட்டைக் கையைப் பிடித்தாள். வண்டி கடந்தது, காற்று அடித்தது. வண்டி போய் முடிந்த பிறகும் விடவில்லை.

“அப்பா, நான் அந்தப் பக்கத்தை அண்டைக்குத் தராமல் விட்டிருந்தால்…”

“உன்ர வண்டி வருது, பிள்ளை.”

“சொல்லுங்கோ அப்பா.”

எந்தப் பிழையும் இல்லை என்று உளவியலாளர் எனக்குச் சொன்ன வார்த்தைதான் நாக்கு நுனியில் நின்றது. அதை என் பிள்ளைக்குச் சொல்ல மனம் வரவில்லை. வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. பையை உள்ளே வைத்தேன். அவள் அசையவில்லை. நான் முதலில் ஏறினேன். பிறகு அவளும் ஏறினாள். டுசல்டோர்ஃப் வரை கூட இருந்துவிட்டு வந்தேன்.